ஃபயர் சர்வரில் ரீஇண்டெக்ஸ்: பழைய நோயாளிகள் பட்டியலில் விடுபடும் இடங்கள்

ஃபயர் (FHIR) என்பது மருத்துவப் பதிவுகளைப் பரிமாறுவதற்கான தரம். அந்தப் பதிவுகளை எதை வைத்துத் தேடலாம் என்று சர்வருக்குச் சொல்லும் விளக்கம்தான் சர்ச் பாராமீட்டர். சொந்தமாக ஒரு சர்ச் பாராமீட்டர் எழுதி ஃபயர் சர்வரில் ஏற்றியதும் 201 என்று பதில் வரும். அதைப் பார்த்தால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். சர்வர் உங்கள் விளக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டது என்பதற்கு மேல் அந்த 201-க்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே உள்ளே கிடக்கும் லட்சக்கணக்கான பதிவுகளை அது இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவற்றைத் திரும்பப் படித்து, தேடலுக்கான அட்டவணையில், அதாவது இண்டெக்ஸில், சேர்க்க வைப்பதற்குப் பெயர்தான் ரீஇண்டெக்ஸ். இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் வார இறுதிகள் போயின, மிகைநேரச் சம்பளம் போனது, மருந்தகத் தாதியர் எங்கள் பட்டியல்மேல் வைத்திருந்த நம்பிக்கையும் கொஞ்சம் போனது. அடுத்து இதே வேலையில் இறங்குபவருக்காக வரிசையாக எழுதுகிறேன்.

தேவை எளிமையானது. சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைகளில் பல மருந்தகங்கள் நடத்தும் ஒரு குழுமம். சாஸ் (CHAS) என்ற மருத்துவக் கட்டணச் சலுகைத் திட்டத்தின் நீல அட்டை வைத்திருக்கும் நீரிழிவு நோயாளிகளில், கடந்த ஓராண்டில் எச்பிஏ1சி என்ற சராசரி இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளாதவர்களைக் கண்டுபிடித்து அழைக்க வேண்டும். அட்டையின் நிறத்துக்கு ஃபயர் ஆர்4 தரத்தின் பேஷன்ட் ரிசோர்ஸில், அதாவது நோயாளிப் பதிவின் வடிவத்தில், இடம் இல்லை. அதனால் எக்ஸ்டென்ஷனாக, அதாவது தரத்தில் இல்லாத கூடுதல் புலமாக, போட்டு வைத்திருந்தார்கள். எக்ஸ்டென்ஷனில் இருப்பதைத் தேட வேண்டுமானால் சொந்த சர்ச் பாராமீட்டர்தான் வழி.

எழுத உட்காரும் முன்பு, அது உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். இதே குழுமம் நோயாளி பேசும் மொழிக்கும் தனிப் பாராமீட்டர் கேட்டது. தமிழ் பேசும் தாத்தா பாட்டிகளைத் தமிழ் தெரிந்தவர் அழைக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம். ஆனால் ஆர்4-இல் பேஷன்ட் ரிசோர்ஸுக்கு ‘லாங்குவேஜ்’ என்ற பாராமீட்டர் ஏற்கெனவே இருக்கிறது, அது கம்யூனிகேஷன் பகுதியில் உள்ள மொழியைத்தான் தேடுகிறது. சர்வர் எதையெல்லாம் செய்யும் என்று பட்டியலிடும் கேப்பபிலிட்டி ஸ்டேட்மென்ட்டை, அதாவது ‘மெட்டாடேட்டா’ முகவரியை, ஒருமுறை படித்தாலே இது தெரிந்துவிடும். புதிதாக ஏற்றும் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஒரு ரீஇண்டெக்ஸ் செலவு உண்டு. தேவையில்லாததை ஏற்றாதீர்கள்.

பாராமீட்டரை எழுதும்போது கவனம் வைக்க வேண்டியவை யூஆர்எல், கோட், பேஸ், டைப், எக்ஸ்பிரஷன் ஆகிய ஐந்தும். யூஆர்எல் உங்களுடையதாக, வேறு எதனோடும் மோதாததாக இருக்க வேண்டும். கோட் என்பது தேடும்போது முகவரியில் எழுதும் பெயர், அந்த ரிசோர்ஸில் ஏற்கெனவே உள்ள பெயராக இருக்கக்கூடாது. எந்த வகை ரிசோர்ஸுக்கு என்று சொல்லும் பேஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. பேஷன்ட்டுக்கு மட்டும் வேண்டியதற்குப் பேஷன்ட் என்று மட்டும் போடுங்கள். பின்னால் உதவும் என்று நினைத்து ‘ரிசோர்ஸ்’ எனப் பொதுவாகப் போட்டால், அப்சர்வேஷன் உட்பட எல்லாவற்றையும் சர்வர் திரும்பப் படிக்கும். எந்த மருந்தகக் குழுமத்திலும் அப்சர்வேஷன்தான் மலைபோல் குவிந்திருக்கும், ஒரு நோயாளிக்கு ஒரு வருகையிலேயே இரத்த அழுத்தம், எடை, சர்க்கரை என்று பல பதிவுகள் விழும். பேஸில் எழுதும் ஒரு சொல், ரீஇண்டெக்ஸ் சில நிமிடங்களில் முடியுமா ராத்திரி முழுக்க ஓடுமா என்பதைத் தீர்மானித்துவிடும்.

பதிவின் எந்த இடத்திலிருந்து மதிப்பை எடுப்பது என்று சொல்லும் எக்ஸ்பிரஷன்தான் அதிகமாகக் காலை வாரும் இடம். ஜேசனில் எக்ஸ்டென்ஷனின் மதிப்பு ‘வேல்யூகோடிங்’ என்றோ ‘வேல்யூஸ்டிரிங்’ என்றோ இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம், அதனால் கை அப்படியே அதைத் தட்டச்சு செய்துவிடும். எக்ஸ்பிரஷன் எழுதும் ஃபயர்பாத் மொழியில் அது வெறும் ‘வேல்யூ’தான், வகையின் பெயர் ஒட்டக்கூடாது. ஒட்டினால் எந்தப் பதிவிலும் எதுவும் கிடைக்காது. அடுத்தது டைப். எக்ஸ்பிரஷன் எடுத்துத் தரும் பொருளும் டைப்பும் பொருந்த வேண்டும். உள்ளே கோடிங் (குறியீட்டு மதிப்பு) இருக்கும்போது டைப்பை ‘டோக்கன்’ என்று போட்டால் சரி, ‘ஸ்டிரிங்’ என்று போட்டால் மதிப்பு இண்டெக்ஸில் போய்ச் சேராது. வேதனை என்னவென்றால், விளக்கம் இலக்கணப்படி சரியாக இருப்பதால் சர்வர் இதை ஏற்றுக்கொண்டுவிடும். ரீஇண்டெக்ஸும் ‘கம்ப்ளீட்டட்’ என்று முடியும். இண்டெக்ஸ் மட்டும் காலியாக இருக்கும்.

இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் தளமான அசூரின் ஃபயர் சேவையில் முழுத் தரவுத்தளத்தையும் கிளறாமல் ஒரே ஒரு ரிசோர்ஸை மட்டும் சோதிக்கலாம். ‘பேஷன்ட்’, சாய்கோடு, அந்த நோயாளியின் ஐடி, சாய்கோடு, ‘$ரீஇண்டெக்ஸ்’ என்ற முகவரிக்கு ஒரு கெட், அதாவது படிக்க மட்டும் கேட்கும் கோரிக்கை, அனுப்புங்கள். அந்தப் பதிவிலிருந்து எந்தப் பாராமீட்டருக்கு என்ன மதிப்பு எடுக்கப்படும் என்று பெயரும் மதிப்புமாக வரும். எதையும் மாற்றாது. அந்தப் பட்டியலில் உங்கள் பாராமீட்டர் இல்லையென்றால் எக்ஸ்பிரஷனோ டைப்போ தவறு, அங்கேயே நிறுத்திவிடலாம். இருந்தால் அதே முகவரிக்குப் போஸ்ட் (செயலைச் செய்யச் சொல்லும் கோரிக்கை) அனுப்புங்கள், அந்த ஒரு பதிவின் இண்டெக்ஸ் மட்டும் புதுப்பிக்கப்படும். நீல அட்டை உள்ளவர், ஆரஞ்சு, பச்சை, அட்டையே இல்லாதவர், முன்னோடித் தலைமுறை அட்டை உள்ளவர் என வகைக்கு ஒருவரை எடுத்துப் பார்த்துவிடுங்கள். பழைய மென்பொருளிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பதிவையும் புதிதாக உள்ளிட்ட பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டிலும் எக்ஸ்டென்ஷன் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு கிளையில் சிறிய எழுத்தில் ‘புளூ’, இன்னொரு கிளையில் முதலெழுத்து பெரியதாக ‘புளூ’ என்று கிடந்தால், ரீஇண்டெக்ஸுக்கு முன்பே தரவைச் சீராக்குங்கள். இண்டெக்ஸ் செய்த பிறகு திருத்தினால் ஒவ்வொன்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்த விஷயம். ரீஇண்டெக்ஸ் முடியாத பாராமீட்டரை வைத்துத் தேடினால் பிழை வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். ஃபயரில் வழக்கமான நடத்தை, தெரியாத பாராமீட்டரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு மிச்சத்தைத் தேடுவது. நீல அட்டை என்று ஒரே நிபந்தனை கொடுத்துத் தேடினால், அந்த நிபந்தனை கழன்று விழுந்துவிடும். எல்லா நோயாளிகளும் வருவார்கள், தலைப்பில் 200 ஓகே. எச்சரிக்கை ஒன்று பண்டிலுக்குள், அதாவது விடையாக வரும் தொகுப்புக்குள், ஆபரேஷன்அவுட்கம் என்ற தனிப் பதிவாக இருக்கும், ஆனால் பேஷன்ட் பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பட்டியலை அப்படியே குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்களுக்கு வந்த எண்ணிக்கையும் மொத்த நோயாளிகள் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்ததால் அது அனுப்பும் முன்பே பிடிபட்டது. நிபந்தனை ஒன்றுக்கு மேல் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே ஒவ்வொரு தேடலிலும் ‘ப்ரிஃபர்’ என்ற ஹெடரில் (கோரிக்கையின் தலைப்பு வரியில்) ‘ஹேண்ட்லிங்=ஸ்ட்ரிக்ட்’ என்று அனுப்புங்கள். தெரியாத பாராமீட்டர் இருந்தால் சர்வர் மறுத்துவிடும், அதுதான் நமக்கு வேண்டும். அதோடு, பண்டிலில் வரும் ‘செல்ஃப்’ இணைப்பைப் படியுங்கள். சர்வர் உண்மையில் எந்த நிபந்தனைகளைப் பயன்படுத்தியது என்பது அதில் இருக்கும். நீங்கள் அனுப்பியது அங்கே இல்லையென்றால் அந்தப் பட்டியலைக் குப்பையில் போடுங்கள். இந்த இரண்டையும் நிரலிலேயே கட்டாயமாக்க வேண்டும், மனிதர் நினைவில் வைத்துச் செய்வார் என்று விடக்கூடாது.

முழு ரீஇண்டெக்ஸுக்கு வருவோம். சர்வரின் அடி முகவரியில் ‘$ரீஇண்டெக்ஸ்’ என்று சேர்த்துப் போஸ்ட் அனுப்ப வேண்டும். உடலில் ‘பாராமீட்டர்ஸ்’ ரிசோர்ஸ் ஒன்று, அதில் காலியான பாராமீட்டர் பட்டியல் இருந்தாலே போதும். இதைச் செய்யும் கணக்குக்கு ரீஇண்டெக்ஸ் செய்யும் உரிமை இருக்க வேண்டும், படிக்கவும் எழுதவும் மட்டும் உரிமை இருந்தால் போதாது. 201 பதிலோடு ‘கான்டென்ட்-லொக்கேஷன்’ ஹெடரில் வேலையின் முகவரி வரும், அதன் கடைசியில் இருப்பது வேலை எண். அதை உடனே எழுதி வையுங்கள். நிலவரம் கேட்பதற்கும் அதே முகவரிக்குத்தான் கெட், நிறுத்துவதற்கும் அதே முகவரிக்குத்தான் டிலீட். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். அதனால் மூன்று பாராமீட்டர் தேவையென்றால் மூன்றையும் ஏற்றி, ஒவ்வொன்றையும் தனிப் பதிவுகளில் சோதித்து முடித்து, அதன் பிறகு ஒரே ரீஇண்டெக்ஸ் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓட்டினால் அதே நோயாளிப் பதிவுகளை மூன்று முறை படிக்கக் காசு கொடுக்கிறீர்கள்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. பழைய அசூர் ஏபிஐ ஃபார் ஃபயர் சேவையில், எதுவும் குறிப்பிடாவிட்டால், ஒரு கொத்துக்கு 100 ரிசோர்ஸ், கொத்துகளுக்கு இடையே 500 மில்லிவினாடி இடைவெளி, ஒரே இழை. 2 மில்லியன் ரிசோர்ஸ் இருந்தால் 20,000 கொத்து. இடைவெளிகள் மட்டுமே 10,000 வினாடி, அதாவது ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம். படிக்கவும் எழுதவும் ஆகும் நேரம் இதற்கு மேல். கொத்தைப் பெரிதாக்கலாம், இடைவெளியைக் குறைக்கலாம், இழைகளைக் கூட்டலாம், ஆனால் அடியில் இருப்பது காஸ்மாஸ் டிபி என்ற தரவுத்தளம், ஒதுக்கிய ஆர்யூ (தரவுத்தள வேலைக்கான அளவு அலகு) தீர்ந்தால் 429, அதாவது கோரிக்கைகள் மிகுதி, என்று திருப்பிவிடும். ரீஇண்டெக்ஸ் தின்னும் அதே ஆர்யூவில்தான் மருந்தகப் பதிவுமேசையும் ஓடுகிறது. தரவுத்தளத்தில் எத்தனை விழுக்காட்டை இந்த வேலை எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு வைக்கும் பாராமீட்டரும் உண்டு, மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் ஓட்டுவதானால் அதை வைக்காமல் ஓட்டாதீர்கள். ஆர்யூவைத் தற்காலிகமாக உயர்த்தினால் வேகம் கிடைக்கும், ஆனால் கட்டணம் அந்த மணி நேரத்தின் உச்ச அளவுக்கு வரும். ஐந்து நிமிடம் உயர்த்திவிட்டு இறக்கினாலும் முழு மணிக்கும் காசு. உயர்த்தியதை இறக்க யார் பொறுப்பு என்று முதலிலேயே பெயர் போட்டு வைக்காவிட்டால், மாதக் கடைசியில் பில்லில் உள்ள வெள்ளியைப் பார்த்துத்தான் நினைவு வரும். இந்தப் பழைய சேவை 2026 செப்டம்பர் 30-இல் நிறுத்தப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்திருக்கும் அசூர் ஹெல்த் டேட்டா சர்வீசஸின் ஃபயர் சேவை எஸ்க்யூஎல் அடிப்படையிலானது. அங்கே ஆர்யூ கணக்கு இல்லை, மேலே சொன்ன எண்களும் அப்படியே பொருந்தாது. வேலை நிலவரத்தைக் கேட்டால் எந்த அளவுகளோடு ஓடுகிறது என்று அதிலேயே வரும், அதை வைத்து உங்கள் கணக்கைப் போடுங்கள்.

எப்போது ஓட்டுவது என்பதற்கு இங்கே சுலபமான விடை கிடையாது. பேட்டை மருந்தகங்களில் சில இரவு 9 மணி வரை இயங்குகின்றன, காலையில் சீக்கிரம் திறந்துவிடுகின்றன. சீனப் புத்தாண்டு விடுமுறை நீண்ட இடைவெளியாகத் தெரியும், ஆனால் சிக்கல் வந்தால் கேட்க ஆள் கிடைக்காத நேரமும் அதுதான். சனிக்கிழமை இரவு தொடங்குவதை விரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை ஓடி முடிந்து, சரிபார்க்கவும் நேரம் இருக்கும்.

ஓடும்போது பார்க்க வேண்டியது முன்னேற்ற விழுக்காட்டை மட்டும் அல்ல. ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டிய மொத்தம், வெற்றிகரமாக முடிந்த எண்ணிக்கை, கடைசியாக மாற்றப்பட்ட நேரம் மூன்றையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எண்ணிக்கை நகராமல், கடைசி மாற்ற நேரமும் நகராமல் இருந்தால் வேலை எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரங்கள் யூடிசியில் வரும், சிங்கப்பூர் நேரம் அதற்கு 8 மணி முன்னே. இங்கே அதிகாலை 3 மணி என்றால் அங்கே முந்தைய நாள் 19:00. தூக்கக் கலக்கத்தில் இதைப் பார்த்துவிட்டு, வேலை பல மணி நேரமாக நின்றுகிடக்கிறது என்று பதறி டிலீட் அனுப்பினால், ஓடியதெல்லாம் வீண். இன்னொரு பதற்றம் 401, அதாவது அனுமதி இல்லை என்ற பதில். அசூரின் அணுகல் டோக்கன் வழக்கமாக 60 முதல் 90 நிமிடம்தான் செல்லுபடியாகும். நிலவரம் கேட்கும் ஸ்கிரிப்ட் நள்ளிரவில் 401 காட்டி நின்றுவிடும், ஆனால் ரீஇண்டெக்ஸ் சர்வருக்குள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டோக்கனைப் புதுப்பிக்கும் வரிகளை ஸ்கிரிப்டில் எழுதாமல் படுக்கப் போகாதீர்கள்.

‘கம்ப்ளீட்டட்’ என்று வந்த பிறகுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது. எங்கள் நீல அட்டைப் பட்டியலைப் பார்த்த மூத்த தாதி ஒருவர் கேட்டது இது: “தம்பி, மாசாமாசம் மருந்து வாங்க வர்ற தாத்தா பேரே இதுல இல்லையே?” எந்த மானிட்டரும் சொல்லாததை அந்த ஒரு கேள்வி சொன்னது. அந்தத் தாத்தாவின் பதிவு இடம்பெயர்ந்து வந்த தொகுப்பில் இருந்தது, எக்ஸ்டென்ஷனின் யூஆர்எல்லில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தது. எக்ஸ்பிரஷன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அதனால் அப்படிப்பட்ட பதிவுகள் அத்தனையும் மௌனமாக விடுபட்டன. ரீஇண்டெக்ஸ் அவற்றையும் வெற்றி என்றே கணக்கில் எழுதியது, ஏனென்றால் படித்ததில் பிழை எதுவும் இல்லை, எடுப்பதற்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை.

சரிபார்க்க இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். முதலாவது, பாராமீட்டர் பெயரோடு ‘:மிஸ்ஸிங்=ட்ரூ’ என்றும், பிறகு ‘:மிஸ்ஸிங்=ஃபால்ஸ்’ என்றும், ‘_சம்மரி=கவுண்ட்’ சேர்த்துத் தேடுவது. இரண்டையும் கூட்டினால் மொத்த நோயாளி எண்ணிக்கை வரவேண்டும். இது கணக்கு நேராக இருப்பதைக் காட்டும், ஆனால் இண்டெக்ஸ் ஆகாதவரும் மிஸ்ஸிங் பக்கத்தில்தான் விழுவார் என்பதால் இது மட்டும் போதாது. இரண்டாவது வழி சர்வரின் தேடலை நம்பாதது: ‘$எக்ஸ்போர்ட்’ கொண்டு பேஷன்ட் பதிவுகளை என்டிஜேசன் கோப்பாக இறக்கி, வரிக்கு ஒரு நோயாளி என்று இருக்கும் அதில் எக்ஸ்டென்ஷன் உள்ளவர்களை நிறவாரியாக நீங்களே எண்ணுவது. யூஆர்எல்லின் முழு வடிவத்தைத் தேடாமல் ஒரு பகுதியை மட்டும் தேடுங்கள், அப்போதுதான் மேலே சொன்ன கூடுதல் சாய்கோடு மாதிரியான வேறுபாடுகள் வெளியே வரும். தேடல் தரும் எண்ணிக்கையும் கோப்பில் எண்ணியதும் ஒன்றாகும்வரை அந்தப் பாராமீட்டரை எந்தத் திரையிலும் இணைக்கக்கூடாது. பக்கம் பக்கமாக எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அசூரில் ஒரு பக்கத்துக்கு வழக்கமாக 10 பதிவுதான், ‘_கவுண்ட்’ கொடுத்து 1,000 வரை கூட்டலாம், மிச்சத்துக்கு ‘நெக்ஸ்ட்’ இணைப்பைப் பின்தொடர வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், அழைப்புப் பட்டியல் கழித்தல் கணக்கில்தான் பிறக்கிறது. ஒருவரோடு இணைந்த வேறு பதிவுகளை வைத்து அவரைத் தேடும் ‘_ஹேஸ்’ கொண்டு எச்பிஏ1சி பரிசோதனை, அதாவது பரிசோதனைகளுக்கான லாய்ன்க் குறியீட்டுத் தொகுப்பில் 4548-4, செய்துகொண்டவர்களைத் தேட முடியும். செய்துகொள்ளாதவர்களை நேரடியாகக் கேட்க வழி இல்லை. நீல அட்டைக்காரர் பட்டியலிலிருந்து பரிசோதனை முடித்தவர் பட்டியலை நாமே கழிக்க வேண்டும். முதல் பட்டியலில் இல்லாதவர் கழித்த பிறகும் இருக்கமாட்டார். அவரை யாரும் அழைக்கமாட்டார்கள், அழைக்கவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. அவர் கால் புண்ணோடு வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

ரீஇண்டெக்ஸ் ஓடும்போதே அவசரப்படுகிறவர்களுக்கு ‘எக்ஸ்-எம்எஸ்-யூஸ்-பார்ஷியல்-இண்டிசீஸ்’ என்ற ஹெடர் இருக்கிறது. அதை ‘ட்ரூ’ என்று அனுப்பினால் பாதி முடிந்த இண்டெக்ஸிலும் தேட விடும். சோதனைக்கு நல்லது, சோதனைக்கு மட்டுமே நல்லது. பாராமீட்டர் ஏற்றிய பின் பதிவானவர்கள் அதில் சரியாக வருவார்கள், அதனால் சோதிப்பவர் தாம் இன்று பதிந்த நோயாளியைத் தேடிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடுவார். பழைய பதிவை வைத்தே சோதியுங்கள். இன்னொரு குறுக்கு வழியாக, எல்லாப் பதிவுகளையும் கெட் செய்து அப்படியே புட் செய்துவிடலாமே (திரும்ப எழுதிவிடலாமே) என்றும் சொல்வார்கள். பல சர்வர்களில் ஒவ்வொரு பதிவுக்கும் புது வெர்ஷன் உருவாகும், வரலாறு வீங்கும், மாற்றங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற மென்பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். தணிக்கை செய்பவர் எல்லா நோயாளிப் பதிவும் ஒரே இரவில் ஏன் மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

வேறு சேவைகளில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. கூகுள் கிளவுட் ஹெல்த்கேர் ஏபிஐயில் பாராமீட்டரை முதலில் ஸ்டோரில் ஏற்றிவிட்டு, பிறகு ‘கான்ஃபிகர்சர்ச்’ என்ற அழைப்பில் அவற்றின் யூஆர்எல் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ரீஇண்டெக்ஸ் அதோடு சேர்ந்தே நடக்கும். அந்தப் பட்டியல் பழைய அமைப்பை முழுதாக மாற்றிவிடும் என்பதை மறக்காதீர்கள். புதியதை மட்டும் கொடுத்தால் முன்பு இருந்தவை தேடலிலிருந்து நீங்கிவிடும். ஹாப்பி ஃபயர் (HAPI FHIR) என்ற திறமூல சர்வரைச் சொந்தமாக நடத்துபவர்களுக்கு, பாராமீட்டர் மாறியதும் தொடர்புடைய ரிசோர்ஸ்களை ரீஇண்டெக்ஸுக்குக் குறித்து வைக்கும் அமைப்பு உண்டு, அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தச் சேவையானாலும் அடையாள அட்டை எண்ணைத் தேடல் முகவரியில் வைக்காதீர்கள். கெட் முகவரிகள் பதிவேடுகளிலும் இடைச்சர்வர்களிலும் தங்கிவிடும். ‘_சர்ச்’ முகவரிக்குப் போஸ்ட் செய்து நிபந்தனைகளை உடலில் அனுப்புங்கள். அடையாள அட்டை எண்ணைக் கையாளுவது பற்றிய கடுமையான வழிகாட்டிகள் இங்கே 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன.

பாராமீட்டரைப் பின்னால் மாற்றுவதும் நீக்குவதும் ஏற்றுவதைவிடக் கொஞ்சம்கூட இலகுவானதல்ல. எக்ஸ்பிரஷனில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் மறுபடி முழு ரீஇண்டெக்ஸ் தேவை, அது முடியும்வரை பழைய விளக்கப்படி எடுத்த மதிப்பும் புதிய விளக்கப்படி எடுத்த மதிப்பும் கலந்துதான் கிடக்கும். அந்த நேரத்தில் அழைப்புப் பட்டியல் எடுக்கும் தானியங்கி வேலைகளை நிறுத்தி வையுங்கள். நீக்குவதானால் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் திரைகளையும் ஸ்கிரிப்டுகளையும் முதலில் மாற்றுங்கள், பிறகு பாராமீட்டரை நீக்குங்கள், கடைசியாக ரீஇண்டெக்ஸ். சர்ச் பாராமீட்டரின் ஜேசன் கோப்பை நிரலோடு சேர்த்து, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் வையுங்கள். ரீஇண்டெக்ஸ் வேலை எண், தொடங்கிய நேரம், எக்ஸ்போர்ட் கோப்பில் எண்ணிய நிறவாரி எண்ணிக்கை ஆகியவற்றையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், அடுத்த முறை ஓட்டுபவர் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இருக்காது.